விஞ்ஞானத்தில் எந்தக் கிளை?



க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளிவரும் வாரத்தில் நமது இல்லங்களில் நிகழ்வது யாது என்பதைச் சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் பிள்ளை ‘ஏ’ சித்தி பெற்றிருக்கின்றது. அயலவர் வந்து வாழ்த்துகின்றனர். மாமா தொலைபேசியில் அழைத்து, "மகள் டொக்டர்தானே?" என்று கேட்கின்றார். வாப்பா புன்னகைக்கின்றார், உம்மா தலையசைக்கின்றார். மகளிடம் எவரும் கேட்கவில்லை. மறு வாரமே உயிரியல் பிரத்தியேக வகுப்புக்குப் பணம் கட்டியாகிவிடுகின்றது. பதினாறு வயதுப் பிள்ளையின் அடுத்த நாற்பது வருடங்களைத் தீர்மானிக்கும் முடிவு, ஒரு தொலைபேசி உரையாடலில் எடுக்கப்பட்டுவிட்டது.

மருத்துவத் தொழிலை நான் குறைத்துக் கூற வரவில்லை. அது உன்னதமான பணி. நமது கிராமங்களுக்கு, குறிப்பாகப் பெண் நோயாளிகளுக்கு, நமது பெண் வைத்தியர்கள் இன்னும் வேண்டும். ஆனால் விஞ்ஞானம் கற்பதென்றால் வைத்தியர் ஆவது, அல்லது பொறியியலாளர் ஆவது, இரண்டும் இல்லையேல் தோல்வி என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? இந்தக் கணக்கினால் நமது சமூகம் இழந்துவரும் பிள்ளைகளைப் பற்றியே இன்று உங்களுடன் பேச விரும்புகின்றேன்.

முதலில் பரீட்சை முறையைப் பெற்றோர் சரிவர விளங்கிக்கொள்ள வேண்டும். பல்கலைக்கழக அனுமதிக்காக உயர்தரப் பரீட்சைக்கு மூன்று தடவைகள் தோற்றலாம். விஞ்ஞானத் துறைசார்ந்த பெரும்பாலான கற்கைநெறிகளில், இடங்களுள் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட சனத்தொகை அடிப்படையிலும், எஞ்சிய 5 வீதம் கல்வி வசதிகளில் பின்தங்கிய மாவட்டங்களுக்கெனவும் வழங்கப்படுகின்றன. இஸட் புள்ளி எனப்படும் அளவீட்டினால் மாணவர் வரிசைப்படுத்தப்படுகின்றனர். உயிரியல் பிரிவில் தோற்றும் பல்லாயிரம் மாணவருள் மருத்துவ பீடத்துக்குச் செல்வோர் ஒரு சிறு பகுதியினரே. மிகச் சிறிய புள்ளி வித்தியாசத்தில் வாய்ப்பை இழந்தோர் எத்தனையோ பேர். அவர்கள் மந்த புத்தியுள்ளவர்கள் அல்லர்.

இனி நடப்பதுதான் வேதனைக்குரியது. முதல் தடவையில் மருத்துவம் கிடைக்கவில்லை. ஆனால் வேறொரு நல்ல விஞ்ஞானக் கற்கைநெறிக்குப் போதிய புள்ளி உண்டு. "அது வேண்டாம், இன்னொரு முறை எழுது" என்கிறோம். இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை. இருபத்திரண்டு வயதாகின்றது. உடன் படித்த தோழன் உணவு விஞ்ஞானத்திலோ புள்ளிவிபரவியலிலோ பட்டப்படிப்பின் பாதியைக் கடந்துவிட்டான். நமது பிள்ளையோ அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அதே வினாத்தாள்களை நான்காவது வருடமாகப் புரட்டிக்கொண்டிருக்கின்றது. மீண்டும் எழுதுவது தவறென்று கூறமாட்டேன். பிள்ளை தானாக விரும்பினால், புள்ளி உண்மையாகவே அருகில் இருந்தால், ஒரு தடவை எழுதட்டும். ஊர் என்ன சொல்லும் என்பதற்காக எழுதவைப்பது வேறு விடயம்.

ஆகவே, தெரிவு எங்கே ஆரம்பிக்க வேண்டும்? இணைந்த கணிதமா, உயிரியலா என்ற முதலாவது பிரிவிலேயே. கணிதப் பிரிவை விட்டு வருபவருக்குப் பொறியியலின் வாயில் ஏறக்குறைய மூடப்பட்டுவிடுகின்றது. உயிரியலை விட்டவருக்கு மருத்துவத்தின் வாயில். இந்த முடிவைச் சாதாரண தரப் புள்ளியைக் கொண்டு மாத்திரம் எடுக்காதீர்கள். டியூஷன் ஆசிரியரின் திறமையினாலும் ‘ஏ’ வரும். தீராத ஒரு கணக்கைக் கண்டால் பிள்ளை என்ன செய்கின்றது என்பதைக் கவனியுங்கள். விடைப் புத்தகத்தைத் தேடுகின்றதா, அல்லது சாப்பாட்டுக்கு அழைத்தும் எழுந்து வராமல் அமர்ந்திருக்கின்றதா? வீட்டு மின்விசிறி பழுதானால் கழற்றிப் பார்ப்பது யார்? வளவில் பூச்சி பிடித்த கொய்யா மரத்தின் அடியில் நிற்பது யார்? வருடக்கணக்கில் பிள்ளையுடன் வாழும் பெற்றோருக்கு, எந்தப் பரீட்சையும் காட்டாத இத்தகைய அடையாளங்கள் தெரியும். உயிரியல் பிரிவைத் தெரிவு செய்வோர் பௌதிகவியலுக்குப் பதிலாக விவசாய விஞ்ஞானத்தை எடுக்கலாம். ஆயினும் எந்தெந்தக் கற்கைநெறிகளுக்குப் பௌதிகவியல் கட்டாயம் என்பதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

நேயர்களே, விஞ்ஞானக் கிளைகள் நமது வாழ்விலிருந்து தொலைவில் உள்ளவை என்ற எண்ணமும் நம்மிடம் உண்டு. அதனை நீக்க, நமது சமூகத்துக்கு மிக நெருங்கிய ஒரு தொழிலிலிருந்தே உதாரணம் தருகின்றேன்.

பேருவளையின் மாணிக்க வியாபாரத்தை அறியாதவர் நம்மில் யாருமில்லை. தலைமுறை தலைமுறையாகக் கல்லைக் கையிலெடுத்து, வெயிலில் பிடித்து, தரம் சொல்லும் கண்கள் அங்கே உண்டு. ஆனால் கெவுடா என்றொரு கல்லை நம்மவர்கள் நெடுங்காலம் பெரிதாக மதித்ததில்லை. பால் கலந்தாற்போன்ற, மங்கிய, விலை போகாத கல் அது. 1970 களில் தாய்லாந்து வியாபாரிகள் வந்து அதனை மலிவாக வாங்கிச் சென்றனர். எதற்கென்று இங்கே பலருக்கு விளங்கவில்லை. அங்கே அதனை 1,600 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில், ஒட்சிசன் குறைந்த உலையில் சூடாக்கினர். கல்லை மங்கலாக்கியிருந்த நுண்ணிய உரூட்டைல் இழைகள் கரைந்தன. அவற்றிலிருந்த தைத்தேனியம், கல்லினுள் ஏற்கெனவே இருந்த இரும்புடன் இணைந்து செயற்பட, மங்கிய கல் தெளிந்த நீல மாணிக்கமாக மாறியது. வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

ஊதுகுழலாலும் கரி நெருப்பாலும் கல்லைச் சூடாக்கி நிறம் திருத்தும் கலை இலங்கைக்குப் புதிதல்ல. பல நூற்றாண்டுகளாக இங்கே இருந்ததுதான். ஆனால் ஊதுகுழலால் எட்ட முடியாத வெப்பநிலையும், உலையினுள் வாயுவைக் கட்டுப்படுத்தும் முறையும் வேறு. அவை இரசாயனவியலைச் சேர்ந்தவை. நம்மவர்களிடம் கண் இருந்தது, கை இருந்தது, மூலதனமும் இருந்தது. கல்லின் உள்ளே என்ன இருக்கின்றது என்று சொல்ல ஒரு கனிப்பொருள் விஞ்ஞானி இருக்கவில்லை. பிற்காலத்தில் இங்கும் உலைகள் வந்தன, நம்மவர்களும் கற்றுக்கொண்டனர். ஆனால் அதற்கிடையே நாட்டை விட்டுப் போன கற்கள் போனவைதான். இன்று சூடாக்கிய கல்லையும் இயற்கைக் கல்லையும், வெளியிலிருந்து மூலகம் ஊட்டப்பட்ட கல்லையும் வேறுபடுத்திச் சான்றிதழ் தருவதற்கு ஆய்வுகூடம் வேண்டும். நிறமாலைக் கருவிகளை இயக்கத் தெரிந்தவர் வேண்டும். மாணிக்க வியாபாரியின் மகன் பேராதனையில் புவிச்சரிதவியலோ, ஏதேனும் ஒரு பல்கலைக்கழகத்தில் இரசாயனவியலோ கற்றால், வாப்பாவின் தொழிலை விட்டு விலகிவிட்டான் என்று யாரும் வருந்த வேண்டியதில்லை.

இவ்வாறே உணவு விஞ்ஞானத்தைப் பாருங்கள். கடையில் வாங்கும் இனிப்பில், மருந்துக் கூட்டில், ஜெலட்டின் சேர்ந்திருக்கின்றது. அது மாட்டின் தோலிலிருந்து வந்ததா, மீனிலிருந்து வந்ததா, பன்றியிலிருந்து வந்ததா? கண்ணாலோ நாவினாலோ எவராலும் சொல்ல முடியாது. எஞ்சியுள்ள மரபணுத் துணுக்குகளைப் பெருக்கிப் பார்க்கும் பீ.சீ.ஆர். பரிசோதனையாலும், புரதத் துண்டுகளின் திணிவை அளக்கும் கருவியாலும் கண்டறியலாம். ஹலால் பற்றி நாம் எவ்வளவோ பேசுகின்றோம்; அந்தக் கருவியின் முன் அமரத் தகுதி பெற்ற பிள்ளைகள் நம்மில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் விரல்கள் போதும் என்றே அஞ்சுகின்றேன். ஹலால் ஒருபுறமிருக்க, தேயிலை, மீன், பழச்சாறு, தெங்குப் பொருட்கள் என ஏற்றுமதியாகும் ஒவ்வொன்றுக்கும் தரக்கட்டுப்பாட்டு ஆய்வாளர் தேவைப்படுகின்றார். உணவு விஞ்ஞானம் கற்றவர் தொழிலின்றிப் பல வருடங்கள் இருப்பதை நான் அதிகம் கண்டதில்லை.

நீரும் நிலமும் பற்றிய கற்கைகளைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் இவற்றை நமது பெற்றோர் கற்கைகளாகவே கருதுவதில்லை. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி நிலம் அதிர்ந்து, ஏறத்தாழ இரண்டு மணித்தியாலங்களின் பின்னரே அலை நமது கிழக்குக் கரையை அடைந்தது. மருதமுனையிலும் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் மக்களுக்கு அந்த இரண்டு மணித்தியாலங்கள் கிடைத்திருந்தால்! எச்சரிக்கும் அமைப்பு இந்து சமுத்திரத்தில் அன்று இருக்கவில்லை. 2016 மே மாதம் அரநாயக்கவில் மலை சரிந்தது. 2025 நவம்பரில் டித்வா சூறாவளியின்போது மலையகத்தில் மண்சரிவுகள் வீடுகளை மூடின. எந்தச் சரிவில் வீடு கட்டலாம், எத்தனை மில்லிமீற்றர் மழைக்குப் பின் மக்களை வெளியேற்ற வேண்டும் என்று சொல்பவர் புவிச்சரிதவியலாளர். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தில் அவருக்கு வேலை உண்டு. கிணறு எங்கே தோண்டுவது, கல் எங்கே உடைப்பது, புல்மோட்டையின் இல்மனைற்று மணல் எவ்வளவு என்று மதிப்பிடுபவரும் அவரே.

வடமத்திய மாகாணத்தில் 1990 களில் கவனத்துக்கு வந்த சிறுநீரக நோயை எடுத்துக்கொள்ளுங்கள். நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் இல்லாத விவசாயிகளின் சிறுநீரகங்கள் செயலிழந்தன. நிலத்தடி நீரின் வன்தன்மையும் புளோரைட்டும் காரணமா, விவசாய இரசாயனங்களா, வெயிலில் நீர் வற்றும் உடலா என்ற ஆய்வு இன்றும் முடிவடையவில்லை. நோயாளிக்கு வைத்தியர் சிகிச்சையளிக்கின்றார். ஆனால் கிணற்றைப் பரிசோதிப்பதற்கு நீர் இரசாயனவியலாளரும், தரவுகளைப் பகுத்துப் பார்ப்பதற்குப் புள்ளிவிபரவியலாளரும் வேண்டும். ஓர் ஊர் முழுவதையும் நோயிலிருந்து காக்கும் பணி இவர்களுடையது. அதற்கு டொக்டர் என்ற பட்டப்பெயர் முன்னால் நிற்பதில்லை, அவ்வளவுதான்.

விவசாயம் என்றதும் சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் உள்ள நமது சகோதரர்கள், "வயலில் இறங்கத்தானா பிள்ளையைப் படிக்கவைத்தோம்?" என்பார்கள். 2021 ஆம் ஆண்டு இரசாயன உர இறக்குமதி திடீரென நிறுத்தப்பட்டபோது வயலில் நடந்தது அவர்களுக்கே தெரியும். விவசாய விஞ்ஞானிகள் பலர் எச்சரித்தனர், கேட்கப்படவில்லை. நவம்பரில் தடை தளர்த்தப்பட்டபோது காலம் கடந்திருந்தது, பெரும்போக விளைச்சல் வீழ்ந்தது. தனது மண்ணுக்கு எவ்வளவு நைதரசன் வேண்டும் என்று அளந்து சொல்லத் தெரிந்த ஒருவர் ஊருக்கு ஊர் இருப்பது ஆடம்பரமா?

கணினி விஞ்ஞானத்தைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதன் சம்பளத்தை நேயர்கள் நன்கறிவர். ஒன்றை மட்டும் கூறுகின்றேன். சில மாதப் பயிற்சி பெற்று எளிய நிரல் எழுதும் வேலையைச் செயற்கை நுண்ணறிவு இப்போது விரைவாகச் செய்கின்றது. கணித அடித்தளம் உள்ளவருக்கு அது கருவி, இல்லாதவருக்குப் போட்டியாளர். ஆகவே கணிதத்துக்கு அஞ்சிக் கணினிக்குச் செல்வோர் மீண்டும் யோசிக்கவும்.

பெண் பிள்ளைகளின் பெற்றோர் தூரத்தையும் விடுதியையும் எண்ணித் தயங்குவதை அறிவேன். மருந்தாளர், மருத்துவ ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர், கதிர்ப்பட நிபுணர், இயன்மருத்துவர் போன்ற கற்கைகள் மருத்துவத்துக்கு மாற்றாக மட்டும் பார்க்கப்படுகின்றன. அது பெரும் அநியாயம். வைத்தியர் எழுதும் தீர்மானத்தின் பெரும் பகுதி ஆய்வுகூட அறிக்கையின் மீதே நிற்கின்றது. இன்னுமொரு விடயம்: ஏறத்தாழப் பத்தாயிரம் அரச பாடசாலைகளுள் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ளவை ஆயிரத்தைச் சுற்றியே. தமிழ் மொழிமூலப் பாடசாலைகள் பலவற்றில் பௌதிகவியலுக்கும் இணைந்த கணிதத்துக்கும் ஆசிரியர் இல்லை. விஞ்ஞானப் பட்டம் பெற்று ஊருக்குத் திரும்பும் ஒரு யுவதி, தன் பின்னால் நூறு பிள்ளைகளுக்கு அந்தப் பிரிவைத் திறந்துவிடுகின்றாள். தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையிலேயே இருக்கின்றது என்பதையும் கிழக்கிலுள்ள பெற்றோர் மறக்க வேண்டாம்.

கிளை மாறுவது இழிவல்ல. துருக்கியின் சவூர் என்ற சிறிய ஊரில் 1946 இல் பிறந்தவர் அஸீஸ் சன்ஜார். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோரின் எட்டுப் பிள்ளைகளுள் ஒருவர். ஆயினும் பிள்ளைகள் அனைவரும் கற்க வேண்டும் என்பதில் அந்தப் பெற்றோர் உறுதியாக இருந்தனர். இஸ்தான்புலில் மருத்துவம் கற்று, சொந்தப் பிரதேசத்தில் வைத்தியராகப் பணியாற்றினார். நமது கணக்கின்படி அவர் வாழ்க்கையில் வென்றுவிட்டவர். அவரோ அதனை விட்டு, உயிர் இரசாயனவியல் கற்க அமெரிக்கா சென்றார். சேதமடைந்த மரபணுவைக் கலம் எவ்வாறு திருத்திக்கொள்கின்றது என்பதை ஆராய்ந்து, 2015 இல் இரசாயனவியலுக்கான நொபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 2025 இல் அதே பரிசைப் பகிர்ந்துகொண்ட ஒமர் யாகி, அம்மானில் பலஸ்தீன அகதிக் குடும்பத்தில் பிறந்தவர். பதினைந்து வயதில் அமெரிக்கா சென்ற அவர் பெரும் பல்கலைக்கழகம் எதிலும் ஆரம்பிக்கவில்லை. ஒரு சமுதாயக் கல்லூரியில் ஆரம்பித்தார். பாலைவனக் காற்றிலிருந்து நீரைப் பிரித்தெடுக்கக்கூடிய, நுண்துளைகள் நிறைந்த பொருட்களைப் பின்னர் உருவாக்கினார்.

சமுதாயக் கல்லூரியைக் குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. பல்கலைக்கழக வெட்டுப்புள்ளியை எட்டாதவருக்கும் இந்நாட்டில் வழிகள் உள்ளன. இலங்கை இரசாயனவியல் நிறுவகம் 1979 முதல் இரசாயனவியலில் பட்டத்துக்கு நிகரான நான்கு வருடக் கற்கைநெறியை நடத்தி வருகின்றது. திறந்த பல்கலைக்கழகம் விஞ்ஞானமாணிப் பட்டம் வழங்குகின்றது. உயர் தொழினுட்பவியல் நிறுவகங்களில் உயர் தேசிய டிப்ளோமா உண்டு. தொழிற்பயிற்சி வழியாக வருபவரும் என்.வீ.கியூ. ஏழாம் மட்டத்தில் பட்டத்தை எட்டலாம். கட்டணம் ஏலாத குடும்பங்கள் உதவி கேட்கத் தயங்க வேண்டாம். மர்ஹூம் ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள் 1945 இல் முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தொடங்கியதே, வசதியின்மையால் ஒரு பிள்ளையின் படிப்பு நின்றுவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

மாறாக, மருத்துவம் என்ற ஒரே சொல்லுக்காகக் காணியை விற்று, பெயர் தெரியாத வெளிநாட்டுக் கல்லூரிக்குப் பிள்ளையை அனுப்பும் வாப்பாமார் கவனிக்கவும். அந்தக் கல்லூரியை இலங்கை மருத்துவ சபை ஏற்றுக்கொண்டுள்ளதா என்பதை முகவரிடம் கேட்காதீர்கள். மருத்துவ சபையிடமே கேளுங்கள். பட்டம் பெற்றுத் திரும்பியபின் இங்கே பதிவுக்கான பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும். விமானச் சீட்டு வாங்குமுன் அறியவேண்டிய செய்தி இது.

சம்பளத்தைப் பற்றியும் மறைக்காமல் சொல்வோம். தூய விஞ்ஞானங்களில் பொதுப் பட்டத்துடன் நின்றுவிடுபவரின் ஆரம்ப ஊதியம் பெரிதல்ல. விசேட பட்டமும் நல்ல பெறுபேறும் உள்ளவருக்கு வேறொரு வாயில் திறக்கின்றது. அமெரிக்கா போன்ற நாடுகளில் விஞ்ஞானத்துறைக் கலாநிதிப் படிப்புக்குப் பெரும்பாலும் மாணவர் பணம் கட்டுவதில்லை. கற்பித்தல் அல்லது ஆய்வுத் துணைப் பணிக்காகப் பல்கலைக்கழகமே அவருக்கு ஊதியம் தருகின்றது. நமது பல்கலைக்கழகங்களின் இரசாயனவியல், பௌதிகவியல் பட்டதாரிகள் பலர் இவ்வழியில் சென்றுள்ளனர். காணி விற்க வேண்டியதில்லாத இந்த வழி நம்மில் பலருக்குத் தெரிவதில்லை.

இளைஞர்களே, பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்படுகின்றது. தமிழில் உயர்தரம் கற்ற கெட்டிக்கார மாணவர்கள் முதல் வருடத்தில் தடுமாறுவது பாடத்தினால் அல்ல. பரீட்சை எழுதி முடித்த நாளுக்கும் பல்கலைக்கழகம் திறக்கும் நாளுக்கும் இடையே நீண்ட மாதங்கள் கிடைக்கின்றன. உங்கள் பாடத்தின் ஆங்கில நூலொன்றை எடுத்து நாளொன்றுக்கு இரண்டு பக்கம் வாசியுங்கள்.

பெறுபேறு வந்ததும் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் கற்கைநெறிகளை விருப்ப வரிசைப்படி குறிப்பிட வேண்டும். அதனைத் தொடர்பாடல் நிலையத்தில் இருக்கும் தம்பி நிரப்பித் தருவார் என்று விட்டுவிடாதீர்கள். முதலிரண்டு தெரிவுகளை எழுதிவிட்டு எஞ்சியவற்றை ஏனோதானோவென்று போடுபவர் அநேகர். அவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் அந்த எஞ்சியவற்றுள் ஒன்றே. கைந்நூலை முன்னே வைத்து, கடந்த வருடம் உங்கள் மாவட்டத்துக்குரிய வெட்டுப்புள்ளிகளைப் பக்கத்தில் எழுதி, வாப்பாவும் உம்மாவும் பிள்ளையும் ஒன்றாக அமர்ந்து ஒவ்வொரு கற்கைநெறியாகப் பேசுங்கள். முதலில் பிள்ளை பேசட்டும்.